வெள்ளவத்தைக்குக் கொண்டுபோன போஞ்சி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கினிகத்தேனைச் சந்தியில் கொழும்பு பஸ் ஏறினோம். நானும் என் அக்கா பாக்கியமும். ஹட்டனிலிருந்து நிறைந்து வந்த பஸ் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அக்காவுக்கு முன்னால் சன்னலோரம், எனக்கு நான்கு வரிசை பின்னால். டிக்கெட் ஆளுக்கு முந்நூற்று அறுபது ரூபாய். தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். நான்கு மணித்தியாலத்தில் போய்விடும் என்றார்கள்.

அக்காவின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் மூன்று கிலோ போஞ்சி, பிஞ்சான பச்சைப் பீன்ஸ். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மே, மல்ல உட தாண்ட" என்று சிங்களத்தில் பையை மேல் தட்டில் வைக்கச் சொன்னார். அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மேல போட்டா நசுங்கிப் போகும். இது மிஸ்ஸுக்கு" என்று தமிழிலேயே சொன்னாள்.

அவருக்கு விளங்கியதோ என்னவோ, "ஹரி, ஹரி" என்று சரி சொல்லிச் சிரித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

நாங்கள் எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கினிகத்தேனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் எங்கள் லயம். தொழிலாளருக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஏழு வீடுகள். லயத்தின் பின்புறம் தேயிலைச் சரிவு நேராக மேலே ஏறுகிறது. முந்திய ஆண்டு மழையில் சரிவின் நடுவில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஏழு வீட்டாரையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்று மனுக் கொடுத்தோம். அதைப் பார்த்து முடிவு சொல்ல ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அதில் எங்களிடம் தமிழில் பேசியவர் தர்ஷினி மிஸ். கொழும்பில் வெள்ளவத்தையில் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும்.

அவர்கள் சரிவில் நீளமாக ஒரு துண்டு நிலத்தைச் சுற்றித் தகரம் பதித்தார்கள். வெளியே பெய்யும் மழை உள்ளே வராது, உள்ளே பெய்வது வெளியே போகாது. கீழ்ப்பக்கம் ஒரு குழாய் வைத்து, குழாயின் வாயில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைப் புதைத்தார்கள். அந்தத் துண்டில் விழும் மழையில் நிலம் குடித்தது போக மிச்சத் தண்ணீர் ஓடி வந்து பீப்பாயில் விழும். அது அரித்துக்கொண்டு வரும் மண்ணும் கூடவே விழும். பெரிய மழைகளுக்குப் பிறகு மிஸ் வந்து தண்ணீரின் உயரத்தை அளப்பார். அடியில் தங்கிய சேற்றை அள்ளி நிறுப்பார்.

அந்தக் கணக்கைக் கணினியில் போடுவார்களாம். இனிவரும் காலத்து மழை எப்படி இருக்கும் என்பதும் அதில் இருக்கிறதாம். மூன்று நாள் பெய்யும் மழை ஒரே பின்னேரத்தில் கொட்டும், பிறகு பல நாள் காயும் என்று மிஸ் சொன்னார். அப்படிக் கொட்டினால் இந்தச் சரிவில் எவ்வளவு தண்ணீர் ஓடும், எவ்வளவு மண் போகும் என்று கணக்குப் பார்த்து, வரைபடத்தில் நிறம் போடுவார்கள். சிவப்பு என்றால் ஆபத்து, வீடு மாற்ற வேண்டும். மஞ்சள் என்றால் கவனம். பச்சை என்றால் பயமில்லை. எங்களிடம் இப்படி எளிமையாகச் சொன்னார்கள். உள்ளே எத்தனையோ இருக்கும்.

லயத்து ஆட்களில் என்னுடைய தொலைபேசி எண் மட்டும்தான் மிஸ்ஸிடம் இருந்தது. வருவதற்கு முதல்நாள் எனக்குச் சொல்வார். நான் லயத்தில் சொல்வேன். என் வேலை அவ்வளவுதான்.

புறப்பட்டதற்கு முந்திய வாரம் மிஸ் பேசியபோது, எங்கள் சரிவுக்குப் பச்சை விழுந்திருக்கிறது, திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கப் போகிறோம் என்றார். நான் வந்து அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பச்சை போடாம என்னா செய்வாங்க? நான் எம்புட்டுச் சுத்தமா வச்சிருந்தேன்."

"அக்கா, பச்சைன்னா மண்ணு ஓடலையாம். பயமில்லாத எடமாம். நம்மள மாத்த மாட்டாங்களாம்."

"மண்ணு ஓடலையா? யாருடா சொன்னது? வாளி வாளியா அள்ளிக் கொட்டுனது யாரு, நான்தானே?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வருகிறார் என்றால் தண்ணீர் ஓடும் கானை வெட்டிச் சுத்தமாக்குவோம், பாதையோரத்துப் புல்லைச் செதுக்குவோம், குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். வருகிறவர் கண்ணில் அழுக்குப் படக்கூடாது. மிஸ் நாளைக்கு வருகிறார் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மேலே போய், பீப்பாயின் அடியில் இருந்த சேற்றைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி எடுத்திருக்கிறார்கள். மேலே தெளிந்திருந்த தண்ணீரை அப்படியே விட்டிருக்கிறார்கள். தண்ணீர் சுத்தம்தானே. ஆகவே மிஸ் அளந்த தண்ணீர் கிட்டத்தட்டச் சரி. மண் மட்டும் இல்லை.

நான் மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். எனக்குப் பெரிய ஆட்களிடம் வாய் வராது. "மிஸ், பீப்பாய்..." என்றேன்.

"பீப்பாய்க்கு என்ன? உடைஞ்சிட்டுதோ?"

"இல்லீங்க மிஸ். நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, ஒரு விஷயம் பேச வேண்டும், கொழும்புக்கு வரலாமா என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமை வீட்டில் இருப்பேன், வாருங்கள் என்றார்.

இதுதான் பயணத்தின் காரணம்.

கித்துல்கலையில் பஸ் இறங்கும்போது இடப்பக்கம் களனி ஆறு தெரிந்தது. முதல்நாள் பின்னேரம் மலையில் நல்ல மழை. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. ரப்பர் படகில் போகும் வெளிநாட்டுக்காரர்கள் மஞ்சள் சட்டையோடு கரையில் நின்றார்கள். யட்டியாந்தோட்டையில் ஒரு முஸ்லிம் வியாபாரி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் பிளாஸ்டிக் சாமான் எடுத்துப்போய் ஊரில் விற்பவர். அவர் கேட்கிறதில் கூச்சப்படாதவர்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"வெள்ளவத்தைக்கு."

"ஆ, கலியாண வீடா? சாரி எடுக்கிறண்டா அங்க வெல கூட. புறக்கோட்டையில எடுங்க. நம்மட ஆள் ஒருத்தர் இரிக்கார்."

"சாரிக்கு இல்லீங்க. சேத்தப் பத்திப் பேச."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவிசாவளையில் பஸ் நின்றபோது இறங்கிப் பால் சேராத பிளேன்டி குடித்தோம், ஒன்று ஐம்பது ரூபாய். என்னுடையதற்கும் அவரே காசு கொடுத்தார். ஏனென்று தெரியவில்லை. அக்கா பையை விட்டு இறங்கவில்லை.

ஹங்வெல்லைக்குப் பிறகு பாதையோரத்து வீடுகள் நெருங்கிவிட்டன. மண் தெரியும் இடம் குறைந்துகொண்டே போனது. பத்தரை மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கினோம். வெயில் தலையில் நின்றது. கொட்டாஞ்சேனைக்கு முச்சக்கர வண்டிக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். அக்கா முந்நூறு என்றாள். அவர் முந்நூற்றைம்பது என்றார். அக்கா நடக்கத் தொடங்கினாள். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்து முந்நூற்றுக்கு ஏற்றினார்.

கொட்டாஞ்சேனையில் சித்தப்பா மகன் சந்திரன் இருக்கிறான். புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருபது வருடமாக வேலை. பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தை அடையாளம் வைத்துப் போய், ஒரு கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இறங்க வேண்டும். ஒழுங்கையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இரு பக்கமும் சிறு வீடுகள். எங்கும் கொங்கிரீட். அவன் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி நான்கு சீமெந்துக் கல்லின் மேல் நின்றது. காஸ் சிலிண்டர் ஒரு மரப்பெட்டியின் மேல். வாசற்படியில் ஒரு முழ உயரத்துக்குப் பலகை செருகுவதற்குத் தவாளிப்பு வைத்திருந்தார்கள்.

"இதென்னாடா, சாமானெல்லாம் மேல ஏறி உக்காந்திருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"மழ வந்தா கான் நெரம்பி வீட்டுக்குள்ள வந்துரும்க்கா. போன மாசம் ஒரு மணித்தியாலந்தான் பேஞ்சிச்சு, கட்டுலுக்குக் கீழ செருப்பு மெதந்துச்சு. நீங்க என்னான்னா மண்ணு ஓடுதுன்னு இங்க ஓடி வாறீங்க. இங்க ஓடறதுக்கு மண்ணே இல்ல."

அவன் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரன் சிரித்துச் சிரித்துச் சோற்றில் புரையேறினான்.

"அளந்து பாக்க வர்ற எடத்தத் தொடச்சு வச்ச ஆளு ஒலகத்துலயே எங்கக்கா ஒருத்திதான்!"

அக்கா சிரிக்கவில்லை. "நீ சிரிப்ப. லயத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. ஏழு வீட்டயும் கெடுத்தவ இவதான்னு சொல்லப் போறாங்க. மழையில எதாவது ஆயிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்கறது?"

சந்திரன் சிரிப்பை நிறுத்தினான். என்னைப் பார்த்து, "ண்ணே, நீங்களே பேசுங்க. அக்கா பேசினா அந்த மிஸ் பயந்துருவாங்க" என்றான். நான் சரி என்றேன். பின்னேரம் தேவாலயத்துப் பக்கம் நடந்துபோய், சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கோட்டைக்குப் போய் ரயில் ஏறினோம். வெள்ளவத்தைக்கு மூன்றாம் வகுப்பு ஆளுக்கு இருபது ரூபாய். கொள்ளுப்பிட்டிக்கு வரும்போது தண்டவாளத்தை ஒட்டியே கடல். அலை கருங்கல்லில் அடித்து ரயில் சன்னலுக்குத் தெறித்தது. அக்கா பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். வெள்ளவத்தை நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. கீழே கால்வாய் கடலில் விழும் இடம். அந்தத் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. கடல் நீலமாக இருந்ததால் இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டதுபோலத் தெரிந்தது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு ஏறினால் கடைப் பலகைகளில் தமிழ் நிறைய. சாரிக் கடை, நகைக்கடை, சாப்பாட்டுக் கடை, பணம் அனுப்பும் கடை. கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகளுக்கு நடுவே மாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. மழைத் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு பாய் அளவு வெறும் நிலம்கூட அந்த ஒழுங்கையில் எனக்குத் தென்படவில்லை. நான்காம் மாடியில் மிஸ்ஸின் வீடு. அவரே கதவைத் திறந்தார். தோட்டத்தில் சப்பாத்தும் தொப்பியுமாகப் பார்த்தவரை வீட்டுச் சட்டையில் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. அக்காவும் வந்திருக்கிறா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

தேநீர் வந்தது. மிஸ் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது.

"என்ன விசயம் அண்ணா? போனிலயே சொல்லியிருக்கலாமே."

நான் தயாராக வைத்திருந்ததைத் தொடங்கினேன். "மிஸ், அந்தப் பீப்பாய்..."

"ஓம், பீப்பாய்?"

மின்விசிறியைப் பார்த்தேன். "டீ நல்லாருக்கு மிஸ்" என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இவன் இப்புடித்தான் மிஸ். பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் டீத்தண்ணி நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்தவன். நான் சொல்றேன். நீங்க வர்றீங்கன்னு சொன்னா அந்தப் பீப்பாயில உள்ள சேத்த நாங்க அள்ளிருவோம்."

"அள்ளுறனீங்களோ?"

"ஆமா மிஸ். தெளிஞ்ச தண்ணிய அப்புடியே வச்சிருவோம். நீங்க அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றீங்க, வந்து அந்தச் சேத்துல கைய விடணுமேன்னுட்டு..."

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தினை தரம் அக்கா?"

"வந்த நேரமெல்லாம்தான். ஒரு தரம்கூட வுடலையே."

வெளியே ஒரு ரயில் போனது. மிஸ் மடிக்கணினியின் பக்கம் திரும்பினார்.

"தண்ணி இவ்வளவு ஓடுது, மண் ஏன் வரேல்ல எண்டு நான் எத்தினை நாள் மண்டையை உடைச்சனான் தெரியுமோ? கடைசியில, தேயிலைக்கு அடியில சருகும் புல்லும் நல்லாப் பிடிச்சுக்கொண்டிருக்கு எண்டு எழுதினனான்."

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, நல்லா வச்சிருக்கீங்கன்னு."

"நான் சரிவைச் சொன்னனான் அக்கா. பீப்பாயை இல்லை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"சரி, அள்ளின சேறு எங்க? எங்கயாவது குவிச்சு வைச்சிருக்கிறியளோ?"

அக்கா துணிப்பையை மேசையின் மேல் தூக்கி வைத்தாள். "இதுலதான் மிஸ்."

மிஸ் பையை விரித்துப் பார்த்தார். போஞ்சியைக் கையில் எடுத்தார். இன்னும் வாடாமல் இருந்தது.

"வீட்டுக்குப் பின்னால பாத்தி கட்டிக் கொட்டிட்டேன் மிஸ். நல்ல மண்ணு. மேல் மண்ணுதானே. போஞ்சி பிச்சிக்கிட்டுக் காச்சிருக்கு."

மிஸ் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி, உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டார். 

அப்போது எனக்கு வாய் வந்தது. "அந்தப் பாத்தி மண்ண அளந்து பாக்க ஏலாதா மிஸ்?"

"ஏலாது அண்ணா. வேற மண்ணோட கலந்திட்டுது. எந்த மழைக்கு எவ்வளவு வந்தது எண்டு தெரியவேணும். மொத்தமாத் தெரிஞ்சு பிரியோசனமில்லை. அதை வைச்சுத்தானே இனி வாற மழைக்கு எவ்வளவு போகும் எண்டு பாக்கிறது."

அவர் கணினியைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினார். ஆறு, பாதை, எங்கள் தோட்டம். லயத்துக்கு மேலே கட்டைவிரல் அளவு பச்சை. பக்கத்துச் சரிவுகளில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. எங்கள் இடம் மட்டும் பச்சையாக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மிஸ் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மேலதிகாரி யாரிடமோ நீண்ட நேரம் பேசினார். 'சேர்' என்ற சொல் மட்டும் பல தடவை கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏசிட்டாங்களா மிஸ்?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்சம். உங்களை இல்லை, என்னைத்தான். சேத்தை ஆரும் தொடக்கூடாது எண்டு நான் சொல்லியிருக்க வேணும். தகரத்தைத் தொடாதேங்கோ, குழாயைத் தொடாதேங்கோ எண்டு சொன்னனான். சேறு எங்களுக்குத் தேவை எண்டு சொல்லேல்ல."

பிறகு கணினியில் எதையோ அழித்து, எதையோ தட்டினார். சிறிது நேரம் எடுத்தது. எங்கள் லயத்துக்கு மேலே இருந்த பச்சை மறைந்து சாம்பல் நிறம் வந்தது.

"சாம்பல்னா என்னா மிஸ்?"

"தெரியாது எண்டு அர்த்தம். அளந்தது பிழை, திருப்பி அளக்கவேணும் எண்டு எழுதுவன்."

"பச்சையவிட இது நல்லதா?"

"பச்சை எண்டு போயிருந்தா உங்கட மனு அதோட முடிஞ்சிருக்கும். இப்ப முடியேல்ல. ஆனா அக்கா, சிவப்பு எண்டும் நான் எழுத ஏலாது. உங்களுக்காக எண்டாலும் ஏலாது. இன்னொரு மழைக்காலம் அளந்துதான் சொல்லலாம்."

"அதுவரைக்கும் நாங்க அங்கனதான் இருக்கணுமா?"

"ஓம்." மிஸ் எங்களைப் பார்க்காமல் சொன்னார். "பெரிய மழை எண்டு அறிவிச்சா ராவு வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்கோ. வெடிப்பு அகலுதோ எண்டு பாருங்கோ. வேற என்ன சொல்ல, எனக்குத் தெரியேல்ல."

புறப்படும்போது பால்கனியில் நின்று கால்வாய் இருக்கும் திசையைக் காட்டினார். மழைக் கணக்கு இங்கேயும் அதேதான், கூரையிலும் வீதியிலும் விழுகிற தண்ணீர் உடனே கானுக்கு வந்துவிடுகிறது, கால்வாய் அவ்வளவையும் ஒரே நேரத்தில் கொண்டுபோக முடியாது என்றார். சந்திரன் வீட்டுச் சீமெந்துக் கல்லை நான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

கதவடியில் மிஸ் அக்காவிடம், "இனி நான் சொல்லாமலே வரட்டோ?" என்று கேட்டார்.

அக்கா பதறிப் போனாள். "ஐயோ, சொல்லாம வராதீங்க மிஸ்! வீடு வாசல் கெடக்குற கெடையில வந்து நிப்பீங்களா? நீங்க சொல்லிட்டே வாங்க. நான் தொட மாட்டேன். எம்புள்ள மேல சத்தியமாத் தொட மாட்டேன்."

"மற்ற ஆக்களும்?"

"ஒருத்தியும் வரமாட்டா. வந்தா பாத்துக்கறேன்."

போஞ்சியை மிஸ் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே கறி வைப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ்ஸுக்கு முன் நேரம் இருந்ததால் சந்திரன் எங்களை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனான். கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே பஸ்ஸில் கொஞ்சத் தூரம். களனி ஆறு கடலில் சேரும் இடம். மீன்பிடிப் படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. கித்துல்கலையில் நாங்கள் பார்த்த அதே செம்மண் நிறம் கடலுக்குள்ளே வெகுதூரம் போயிருந்தது.

"பாருங்கக்கா, உங்க தோட்டம்தான் போகுது" என்றான் சந்திரன்.

அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக இறங்கி, தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். விரல் இடுக்கில் ஒழுகிய பிறகு உள்ளங்கையில் மிக மெல்லிய மண் ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைக்கப் போனவள், நிறுத்தி, திரும்பவும் தண்ணீரிலேயே கழுவிவிட்டாள்.

பதினொரு மணி பஸ்ஸில் இந்த முறை இரண்டு இடமும் சேர்ந்தாற்போல் கிடைத்தன. அக்கா அவிசாவளை வரை தூங்கினாள். யட்டியாந்தோட்டைக்கு மேலே மழை தொடங்கியது. பஸ்ஸின் சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடியது. அதன் நிறத்தை இருவரும் பார்த்துக்கொண்டு வந்தோம். முன்பெல்லாம் நான் மழைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததில்லை.

லயத்துக்கு வந்ததும் அக்கா ஏழு வீட்டாரையும் கூப்பிட்டு நடந்ததைத் தானே சொன்னாள். இரண்டு பேர் ஏசினார்கள். ஒருத்தி, கூட அள்ளியவள், தான் அள்ளவே இல்லை என்றாள். அக்கா அவளோடு மட்டும் சண்டை போட்டாள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: பீப்பாயில் நிறையச் சேறு வந்தால் சிவப்புப் போடுவார்களா, சிவப்புப் போட்டால் வீடு மாற்றுவார்களா. அளந்து பார்த்துத்தான் சொல்வார்களாம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் ஆட்கள் மழையை எதிர்பார்த்து இருந்தார்கள்.

வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவ மழை பிடித்தது. இரண்டு பின்னேரம் விடாமல் கொட்டியது. இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மழை விட்டதும் மிஸ் தொலைபேசியில் பேசினார். "நாளைக்கு வாறம் அண்ணா. அக்காட்டச் சொல்லுங்கோ." சொன்னேன். அக்கா விளக்குமாறை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

காலையில் மிஸ்ஸோடு நானும் ஏறினேன். லயத்திலிருந்து மேலே போகும் ஒற்றையடிப் பாதை முழுவதும் பெருக்கியிருந்தது. படிகளில் விழுந்த சருகுகூட இல்லை. தகரத்தைச் சுற்றிய புல் செதுக்கியிருந்தது. பீப்பாய் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு முழம் மட்டும் அக்கா தொடாமல் விட்டிருந்தாள். அந்த ஒரு முழமும் சேறும் சருகுமாகக் கிடந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தேயிலைச் செடியின் அருகே நின்றாள். வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்தில் அடுக்களை கலைந்து கிடந்தால் பெண்கள் அப்படி நிற்பதுண்டு.

மற்ற வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். மிஸ் தண்ணீரின் உயரத்தை அளந்து குறித்தார். பிறகு ஒரு கோலை உள்ளே விட்டார். கோல் பாதிவழியிலேயே நின்றது. அழுத்தினார். மெதுவாக இறங்கியது. வெளியே எடுத்தபோது முழங்கை நீளத்துக்குச் சேறு பிடித்திருந்தது.

அவ்வளவு சேறு வரவேண்டும் என்றுதான் ஒரு மாதமாக எல்லாரும் காத்திருந்தோம்.  இப்போது எல்லாரும் தகரம் பதித்த அந்தத் துண்டைப் பார்த்தார்கள். அது எங்கள் ஒரு வீட்டின் அகலம்கூட இல்லை. பிறகு ஒவ்வொருவராக, தகரம் பதிக்காத மற்றச் சரிவை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியாக அக்காவும் திரும்பிப் பார்த்தாள்.